குவைத் ரூம்ல சதாம் பேச்சு வந்தா என்ன சொல்ல?

தம்பி, உன் கேள்விய படிச்சேன். ஃபர்வானியா ரூம்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எகிப்துக்காரரும் மலையாளி சேட்டனும் மல்லுக்கு நிக்காவ, ஈராக் அதிபரா இருந்த சதாம் உசேன் மாதிரி ஆள போர் போட்டுத்தான் பதவிய விட்டு இறக்க முடியும்னு எகிப்துக்காரரு, சட்டப்படிதான் இறக்கணும்னு சேட்டன், ரெண்டு பேரும் உன்ன பாத்து நீ சொல்லுன்னுட்டாவ, இங்க இதெல்லாம் வாய் தொறந்து பேசலாமா அண்ணாச்சின்னு கேட்டிருக்க. நான் லீவுல கடையநல்லூர்லதான் இருக்கேன், சாரல் விடாம அடிக்கு, வெளிய போக வழியில்ல, அதான் பெருசா எழுதுதேன்.

ரூம்ல பேசு, ரோட்டுல பேசாத. 2022 ஜூன்ல ஃபஹாஹீல்ல வெளிநாட்டு ஆளுக கொஞ்ச பேரு ஜும்ஆ முடிஞ்சு கூடி கோஷம் போட்டதுக்கு, புடிச்சு ஊருக்கு அனுப்புவோம்னுட்டாவ. எதுக்கு கோஷம்னு பாக்கல, வெளிநாட்டுக்காரன் கூட்டம் போடக்கூடாது, அவ்வளவுதான். குவைத்தி முதலாளி முன்னால சதாம பத்தி நல்ல வார்த்த தவறிக்கூட விட்றாத, அவரு குவைத்த ஆக்கிரமிச்சப்ப புடிச்சிட்டு போன ஆளுக நூத்துக்கணக்குல உசுரோட திரும்பல, பல வீட்டுல அது இன்னும் ஆறல.

சரி, விஷயத்துக்கு வாரேன். அவிய ரெண்டு போர ஒண்ணா போட்டு குழப்புதாவ. 1990 ஆகஸ்ட் 2ம் தேதி சதாம் குவைத்துக்குள்ள பூந்தாரு. நவம்பர்ல ஐநா பாதுகாப்பு சபை 678ம் நம்பர் தீர்மானம் போட்டு ஜனவரி 15க்குள்ள வெளிய போன்னு கெடு வச்சுது, போகல, அமெரிக்கா தலைமையில பல நாட்டு ராணுவம் சேந்து அடிச்சாவ. அது பூந்தவன வெளிய தள்ளுத போர், நாற்காலிய விட்டு இறக்குத போர் இல்ல, அதுக்கப்புறம் 12 வருஷம் அவரு பாக்தாத்துல ஜம்முனு இருந்தாரு. ஆளையே இறக்கணும்னு அமெரிக்கா போனது 2003லதான், அதுக்கு ஐநா சம்மதம் கிடையாது, பேரழிவு ஆயுதம் இருக்குன்னாவ, கடைசி வரைக்கும் ஒண்ணும் சிக்கல, அந்தப் போர் சட்டவிரோதம்னு அப்ப ஐநா பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னனே 2004ல சொல்லிட்டாரு.

என்னக் கேட்டா மொதப் போர் சரி, ரெண்டாவது தப்பு. ஆனா எகிப்துக்காரர் பேச்சையும் தள்ள முடியாது, 2002ல ஓட்டெடுப்பு வச்சு நூத்துக்கு நூறு வாங்குனேன்னு சொன்ன மனுசன ஓட்டு போட்டு எப்படி இறக்க? சிலில சர்வாதிகாரி பினோசெட் 1988 ஓட்டெடுப்புல தோத்து பதவிய விட்டாரு. ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டு அதிபரு ஜாமே 2016 தேர்தல்ல தோத்துட்டு போக மாட்டேன்னு அடம் புடிச்சாரு, பக்கத்து நாட்டு ராணுவம் உள்ள வந்த பெறகுதான் பிளேன் ஏறுனாரு. ஈராக்குல ஆள இறக்குனாவ, சரி, அடுத்து? 2003 மே மாசம் ஒரே உத்தரவுல ராணுவத்தையே கலைச்சாவ, துப்பாக்கி பழகுன லட்சக்கணக்கான ஆளுக வேல இல்லாம தெருவுக்கு வந்தாவ, பெறகு நடந்ததத்தான் நாம டிவில பாத்தோமே.

சட்டம் ஆமை மாதிரிதான் வரும், அதையும் சொல்லணும். எங்க மாமா 1990ல சதாம் பூந்தப்ப குவைத்துல டெய்லர். ஒரு பையோட பாலைவனம் தாண்டி அம்மான் போயி பிளேன் ஏறுனாரு, அப்ப ஊர் திரும்புன ஏறக்குறைய 1,70,000 இந்தியர்ல ஒருத்தரு. அப்புறம் அந்த ஆக்கிரமிப்புல நஷ்டப்பட்டவங்களுக்கு காசு குடுக்க ஐநா வச்ச இழப்பீட்டு ஆணையத்துக்குன்னு கவர்மெண்டு வழியா ஃபாரம் வாங்குனாவ, மாமா எழுதிப் போட்டுட்டு மறந்தே போயிட்டாரு. வருஷக்கணக்கு கழிச்சு 2,500 டாலர் வந்துச்சு, வீட்டு மாடி அந்தக் காசுதான். அந்த ஆணையம் மொத்தம் 5,240 கோடி டாலர் குடுத்து முடிச்சதே 2022லதான். இதுலயும் எனக்கொரு உறுத்தல் உண்டு, அது ஈராக் எண்ணெய் வித்த காசுல புடிச்சது, மொதல்ல 30 சதவீதம், பொருளாதாரத் தடையில அங்க ஆஸ்பத்திரில மருந்து இல்லாத காலம், சதாமுக்கு ஒரு வேள சோறு குறையல.

மாமாவுக்கு வந்தது நாட்ட விட்டு ஓடுனதுக்கு மட்டும். சம்பள பாக்கி, விட்டுட்டு வந்த தையல் மெஷினு இதுக்கெல்லாம் தனி ஃபாரம் இருந்துச்சு, காட்டத்தான் ஒரு துண்டு பேப்பர் இல்ல. அதனால சேட்டன்கிட்ட சட்டம் பேசப் போறதுக்கு முன்னாடி உன் ஒப்பந்தம், சம்பள ஸ்லிப், சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிரு.