சண்டையில்லாமல் பொறுப்பிலிருந்து விலகலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 19 ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அந்த வேலையில் எனக்கு அலுப்பில்லை. யாரோடும் மனக்கசப்பும் இல்லை. ஆனால், குழந்தைகள் பிறந்த சமயத்தில் பாதியில் நின்றுபோன முனைவர் பட்ட ஆய்வைப் புதிதாகப் பதிவு செய்து முடிக்க விரும்புகிறேன். பள்ளி ஆசிரியையான எனக்குச் சனி, ஞாயிறு மட்டுமே கையில் இருக்கின்றன. ‘கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாயே’ என்கிறார் மாமியார். ‘உங்களை விட்டால் யார் செய்வார்கள்?’ என்கிறார் எங்கள் சபைப் போதகரான ஐயர். நான் செய்ய நினைப்பது சுயநலமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

யாரோடும் மனக்கசப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கலே அதுதான். நம் சபைகளில் ஒருவர் பொறுப்பிலிருந்து இறங்குவதற்கு வழக்கமாக மூன்று வழிகள் உண்டு: தேர்தலில் தோற்பது, யாரோடாவது சண்டை போடுவது, கல்லறைத் தோட்டத்துக்குப் போவது. நிறைவாகச் செய்த வேலையை நல்ல மனதோடு இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறவரை நாம் அதிகம் பார்த்ததில்லை என்பதால், அப்படி ஒருவர் போகும்போது உண்மையான காரணத்தைச் சொன்னாலும் நம்பாமல், ‘ஐயரோடு ஏதோ பிரச்சினையாம்’ என்று ஆளுக்கொரு கதை கட்டிவிடுகிறோம்.

அந்தக் கதைகளுக்குப் பயந்து நான் ஒருமுறை பொய் சொன்னேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் பொறுப்பை விட நினைத்தபோது, எழுதுவதற்கு நேரம் வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தின் ஜெபக்குறிப்புகளில் என் முதுகு தவறாமல் இடம்பெற்றது. ஒரு பாட்டியம்மா பேருந்தில் வந்து தைலம் கொடுத்துவிட்டுப் போனார். சந்தையில் காய்கறிப் பையைத் தூக்கும்போதெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொள்வேன். ஆகவே உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சூழ்நிலை என்று எதையும் துணைக்கு அழைக்காமல், ஆய்வை முடிக்கப் போகிறேன் என்பதையே சொல்லுங்கள்.

இனி, மாமியார் எடுத்துக்காட்டிய வசனம். லூக்கா 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமான அது, இயேசுவைப் பின்பற்ற வருகிறவனின் மனவுறுதியைப் பற்றியது. ஓய்வுநாள் பள்ளி அலமாரிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அதே வேதத்தில், எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின் இறுதியில், நாம் அதிகம் வாசிக்காத ஓர் ஏற்பாடு இருக்கிறது. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்யும் லேவி குலத்தார் 25 வயதில் வேலையில் சேர வேண்டும் என்றும், 50 வயதில் அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்றும், அதன்பின் தங்கள் சகோதரரோடு காவல் காக்கும் துணைப்பணியைச் செய்யலாமே தவிர பழைய வேலையைத் தொடக் கூடாது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஐம்பது வயதானவனைத் திறமையற்றவன் என்றோ பக்தி குறைந்தவன் என்றோ அது சொல்லவில்லை. அவன் காலம் முடிந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு 47 என்பதால் மூன்று ஆண்டு முன்பணமாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்; சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் அறியப்பட்டிருந்த அவர், 1909இல் அந்தப் பணியை விட்டுவிட்டு, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு சென்றார். விட்டது பிடிக்காத வேலையும் அல்ல. ஆனால் அவரைக் காட்டி வீட்டில் வாதிடாதீர்கள். ‘அவர் ஊழியத்தை விட்டு ஊழியத்துக்குத்தானே போனார், நீ பட்டத்துக்கல்லவா போகிறாய்?’ என்று கேட்டுவிட்டால் பதில் சொல்வது கடினம், கேள்வியிலும் நியாயம் உண்டு.

சுயநலமா என்று கேட்டீர்கள். இந்த ஆய்வு உங்களுக்காகத்தான். அதைச் சபைக்குப் பயன்படப் போகிறது என்று பூசி மெழுகத் தேவையில்லை. 19 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒருவர் சில ஆண்டுகளைத் தனக்கென்று கேட்பதில் நான் குற்றம் காணவில்லை.

எனக்குக் கவலை வேறு. பிடித்த வேலையை விடுவதன் வலியை நீங்கள் குறைத்து எடை போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்களிடம் படித்து வளர்ந்துவிட்ட பிள்ளைகள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதும், கல்யாணப் பத்திரிகையை முதல் ஆளாக உங்களிடம் கொண்டுவந்து நீட்டுவதும் இந்தப் பொறுப்போடு வந்தவை. விலகிய பின் வரும் முதல் டிசம்பரில், சாயங்கால வேளையில் ஆலயத்திலிருந்து கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைச் சத்தம் கேட்கும். மேய்ப்பன் வேடமிட்ட பிள்ளை வசனத்தை மறந்து நிற்பது உங்கள் காதுக்கு மட்டும் தெரியும். அப்போது எழுந்து போய்விடாதீர்கள். ஒருமுறை போனால், புதிதாகப் பொறுப்பேற்ற பெண் அன்றைக்கே உங்கள் உதவியாளராகிவிடுவாள்.

ஒப்படைப்பதற்கு மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு வரும் ஜூன் மாதமே நல்லது. கிறிஸ்துமஸுக்கு முன் விலகினால் உண்மையிலேயே சண்டை என்றுதான் நினைப்பார்கள். உங்களிடமே படித்து இப்போது சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இருவரை இந்த ஆண்டு முழுவதும் உடன் வைத்துக்கொண்டு, வருகைப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, எந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும், எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவார் என்பது வரை சொல்லிக்கொடுங்கள். கடைசியாகச் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஐயர் உங்களைப் பாராட்டித்தான் அப்படிக் கேட்கிறார், ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு பிடியும் இருக்கிறது. அவரிடம் போவதற்கு முன் ஆய்வுப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் ரசீதோடு போங்கள். வெறுங்கையோடு போனால், அடுத்த விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான செலவுப் பட்டியலோடு திரும்பி வருவீர்கள்.