நட்சத்திரங்களில் உள்ள தனிமங்களை வைத்து ஒரு கேலக்ஸி உருவான கதையை எப்படிச் சொல்கிறார்கள்?

சூரியனைப் போன்ற சிறிய நட்சத்திரங்களில் அணுக்கரு இணைவு நடப்பது நட்டநடுவில்தான். மேற்பரப்பில் இருக்கும் வாயு, அது பிறந்த மேகத்தின் சரக்கு. ஆயிரம் கோடி ஆண்டுகள் போனாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். (நட்சத்திரம் வயதாகி வீங்கிச் சிவந்த பிறகு, முக்கியமாக கார்பனும் நைட்ரஜனும் உள்ளிருந்து வருவதோடு கலந்து மாறிவிடும். அந்த இரண்டையும் கொஞ்சம் கவனமாகத்தான் நம்ப வேண்டும்.)

அந்தச் சரக்கை நிறமாலையில், அதாவது நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படிக்கிறார்கள். ஒவ்வொரு தனிமமும் விழுங்கிய நிறம் அங்கே கறுப்புக் கோடாகத் தெரியும். சூரிய நிறமாலையின் பச்சைப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 517 நானோமீட்டரை ஒட்டி மூன்று அழுத்தமான கறுப்புக் கோடுகள் இருக்கும், அவை மக்னீசியம். சுற்றிலும் மயிரிழைபோல் ஏகப்பட்ட கோடுகள், அவற்றில் பல இரும்பு. கோடு எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று அளந்து, நட்சத்திரத்தின் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்தால் தனிமத்தின் அளவு கிடைத்துவிடும்.

சரி, அளவு தெரிந்தால் வரலாறு எப்படித் தெரியும்? பெருவெடிப்பு கொடுத்தது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். மற்றவை பின்னால் சேர்ந்தவை. அதனால் ‘இரும்பு குறைவென்றால் பழைய நட்சத்திரம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் இது பாதி உண்மை. நட்சத்திரங்களை மெதுவாக உருவாக்கும் ஒரு குட்டி கேலக்ஸியில், பிந்திப் பிறந்த நட்சத்திரத்திலும் இரும்பு குறைவாகத்தான் இருக்கும். கதையைச் சொல்வது மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம்.

ஏனென்றால் இரண்டும் வேறுவேறு வேகத்தில் வருகின்றன. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து, மக்னீசியத்தையும் ஆக்சிஜனையும் வாரி இறைத்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வருவது வெள்ளைக் குள்ளன்கள் (சிறிய நட்சத்திரங்கள் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கருக்கள்) வெடிக்கும்போது. அதற்குப் பல வேளைகளில் நூறு கோடி ஆண்டுகூட ஆகும். ஆக, முதல் தலைமுறைகளில் மக்னீசியம் தூக்கலாக இருக்கும், இரும்பு வந்து சேரச் சேர விகிதம் இறங்கும். பெரிய கேலக்ஸி அதற்குள் ஏராளமாக நட்சத்திரங்களைப் பெற்று இரும்பிலும் முன்னேறியிருக்கும். சிறியதோ இரும்பு இன்னும் குறைவாக இருக்கும்போதே சரிவைத் தொடங்கிவிடும். எந்த இடத்தில் சரிகிறது என்பதே அந்த கேலக்ஸி எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நம் பால்வெளியே சாட்சி. 1962-இல் எகன், லிண்டன்-பெல், சாண்டேஜ் என்ற வானியலாளர்கள் மூவரும் 221 நட்சத்திரங்களை ஆராய்ந்து, ஒரே பெரிய மேகம் வேகமாகச் சுருங்கிப் பால்வெளி உருவானது என்றார்கள். 1978-இல் சியர்லும் ஸின்னும், பால்வெளித் தட்டைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் பழைய நட்சத்திரக் கூட்டமான ஒளிவட்டத்தின் வெளிப்பகுதி துண்டு துண்டாக வந்து சேர்ந்தது என்றார்கள். 2010-இல் நிஸ்ஸனும் ஷுஸ்டரும் சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள ஒளிவட்ட நட்சத்திரங்களை மிக நுட்பமாக அளந்தபோது, அவை இரண்டு வரிசைகளாகப் பிரிந்தன. ஒரே இரும்பு அளவில் ஒரு கூட்டத்துக்கு மக்னீசியம் குறைவு. அதாவது வேறு வீட்டுப் பிள்ளைகள். 2018-இல், நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளக்க ஐரோப்பா அனுப்பிய கயா விண்கலம் அளந்த வேகங்கள் வந்தன. அந்தக் கூட்டம் ஏறக்குறைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளி விழுங்கிய ஒரு கேலக்ஸியின் மிச்சம் என்று தெளிவானது. அதற்கு கயா-என்செலடஸ் என்று பெயர் வைத்தார்கள். என்செலடஸ் கிரேக்கப் புராணத்தில் கயாவின் மகன்.

வேதியியல் மட்டும் தனியாக நின்று இதைச் சொல்லியிருக்காது, பாதையும் பொருந்த வேண்டும். அந்த நட்சத்திரங்கள் மையத்தைச் சுற்றி அமைதியாக வட்டமிடுவதில்லை, நீள்வட்டத்தில் உள்ளே பாய்ந்து வெளியே போகின்றன.

நம்ப வேண்டுமானால் நீங்களே வரைந்து பாருங்கள். பால்வெளி நட்சத்திரங்களின் நிறமாலைகளைச் சேகரித்த அபோகீ (APOGEE) கணக்கெடுப்பின் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. இரும்பின் அளவைக் கிடையாகவும், மக்னீசியம்–இரும்பு விகிதத்தைச் செங்குத்தாகவும் வைத்து, நட்சத்திரத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். நான் முதல்முறை போட்டபோது மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள் எழுந்தன, பால்வெளித் தட்டின் பழைய பகுதியும் புதிய பகுதியும். அப்புறம் இடப்பக்கம், சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு இரும்புகூட இல்லாத இடத்தில், மேல் பட்டையோடு சேராமல் சற்றுத் தாழ்ந்து ஒரு மங்கலான புள்ளிக்கூட்டம். என்செலடஸின் நட்சத்திரங்கள். அன்று வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.