கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு: மொஃப் பளிங்குக்குச் சிலிக்கோன் பூசலாமா?

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காக, செட்டிகுளம் பக்கத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இருந்து புளோரைட்டைப் பிரிக்க யூ.ஐ.ஓ-66 என்ற மொஃப் பளிங்கைத் (உலோக அணுக்களைக் கரிம இணைப்பிகள் கோத்திருக்கும், நுண்துளைகள் நிறைந்த பளிங்கு) தயாரித்தேன். தூள் தண்ணீரில் கலங்கி நிற்கிறது, வடிதாளையும் தாண்டிப் போகிறது. தண்ணீரில் பளிங்கு பழுதாகாமல் இருக்க மேற்பரப்பை நீர் ஒட்டாததாக மாற்றச் சொன்னார்கள். சிலிக்கோன் பூசினேன். இப்போது மேற்பரப்பளவு பாதியாகிவிட்டது, புளோரைட்டும் முன்போல் பிடிபடவில்லை. எங்கே பிழை?
- வவுனியா மாணவர்

பதில்: பூசிய விதத்தில் பிழை தேட வேண்டாம், தம்பி. இந்த வேலைக்கு அந்தப் பூச்சே பொருந்தாது.

மொஃப்-5, எச்.கே.யு.எஸ்.ரி-1 போன்ற பளிங்குகளுக்குத்தான் சிலிக்கோன் பூச்சு வைத்தியம். அவற்றில் நாக உலோகத்தையும் செம்பையும் பிடித்திருக்கும் பிணைப்புகளைத் தண்ணீர் மெல்ல அறுத்துவிடும். மொஃப்-5 என்றால் ஈரக்காற்றே போதும். 2008இல் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட யூ.ஐ.ஓ-66 வேறு ரகம். அதில் ஆறு சிர்கோனியம் அணுக்கள் சேர்ந்த ஒவ்வொரு முடிச்சையும் பன்னிரண்டு தெரப்தாலிக் அமில இணைப்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. சாதாரண தண்ணீருக்கு அது அசையாது. இல்லாத வருத்தத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம், புளோரைட்டு எங்கே பிடிபடுகிறது என்று பாருங்கள். முடிச்சுகளில் உள்ள ஐதரொட்சைல் கூட்டங்களை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் இருக்கிறது. இணைப்பி விடுபட்ட குறைபாடுகளில் இந்த மாற்றம் இன்னும் இலகு. அந்த இடங்களில் பெரும்பங்கு பளிங்கின் உள்ளே. புளோரைட்டு தண்ணீரோடுதான் அங்கே போகும். தண்ணீரை வாசலில் மறித்தால் அதுவும் வெளியேதான் நிற்கும்.

மேற்பரப்பளவு பாதியானதைப் பற்றி ஒன்று. பூசுவதற்கு முன்னும் பின்னும் உலர்த்தி எடை பார்த்தீர்களா? மொத்த எடையில் பத்து வீதம் சிலிக்கோன் என்றால், ஒரு கிராமுக்கான மேற்பரப்பளவும் ஏறக்குறைய பத்து வீதம் குறைந்தே ஆகும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பூச்சின் எடை கொஞ்சமாக இருந்தும் அளவு பாதியானால் துளைவாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்கு உடையவில்லை என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுப் படத்தில் உறுதிசெய்யுங்கள்.

மேற்பரப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை ஒட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். யூ.ஐ.ஓ-66இன் துளைவாய் ஏறக்குறைய 6 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு). அதைவிடப் பெரிய மூலக்கூறு பளிங்கின் வெளிமுகத்தோடு நின்றுவிடும். சிறியது உள்ளே புகுந்து, நீங்கள் புளோரைட்டுக்கு வைத்திருந்த இடத்தையே பிடித்துக்கொள்ளும். இப்படி ஒட்டப் பயன்படும் பொஸ்போனிக் அமிலங்களோடு விசேட கவனம் தேவை. அவை சிர்கோனியத்தை இணைப்பியைவிட இறுக்கமாகப் பற்றும். உள்ளே போனால் லேசில் வெளியே வராது.

உங்கள் உண்மையான சிக்கல் தூள் கலங்குவது. அதற்கு நான் கடற்பாசியில் இருந்து எடுக்கும் அல்ஜினேற்றைத்தான் சொல்வேன். சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலில் தூளைக் கலந்து, கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மணிமணியாக இறுகும். அதன் நீண்ட சங்கிலிகள் துளைக்குள் போக முடியாத அளவு பெரியவை. அவற்றிலுள்ள காபொட்சிலேற்றுக் கூட்டங்கள் பளிங்கின் வெளிமுகச் சிர்கோனியத்தைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரும் தாராளமாக உள்ளே போய்வரும். மணிகளைக் கனலடுப்பில் காயவைத்தால் சுருங்கிக் கல்லாகிவிடும், ஈரமாகவே வையுங்கள். தூள் நிமிடங்களில் பிடித்ததை மணி பிடிக்க மணித்தியாலங்கள் ஆகலாம், ஆகவே சமநிலை வரும்வரை பொறுத்திருந்து ஒப்பிடுங்கள். முல்லைத்தீவில் இறால் ஓட்டுக்குக் குறைவில்லை, கைட்டோசான் செய்யலாமே என்றும் யோசிப்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் கைட்டோசான் மணியை வழக்கமாக இறுக்குவது சோடியம் ஐதரொட்சைட்டில். அந்தக் காரம் யூ.ஐ.ஓ-66ஐக் கரைத்துவிடும்.

சரி, எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்? காய்ச்சி வடித்த நீரில் சோடியம் புளோரைட்டைக் கரைத்து எடுத்த பெறுபேறு செட்டிகுளத்துக்குச் செல்லாது. வவுனியாப் பக்கத்து நிலத்தடி நீர் கடும்பாறைக்குள் கிடப்பது. புளோரைட்டோடு கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்தே வரும். இருகாபனேற்று அதே இடங்களுக்குப் போட்டி போடும், நாளடைவில் பளிங்கையும் அரிக்கும். கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள். புளோரைட்டு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வடிநீரின் பி.எச். பெறுமானத்தையும் குறித்துவையுங்கள், வெளியேறும் ஐதரொட்சைட்டு அதை உயர்த்தலாம்.

இதை வீடுகளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஊர்களில் ஓடும் ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. முதலில் சுத்திகரித்த நீரில் தெரப்தாலிக் அமிலம் கசிகிறதா என்று புற ஊதா நிறமாலையில் 240 நானோமீற்றர் அளவில் பாருங்கள், சிர்கோனியத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பெறுபேறும் கைக்கு வரும்வரை அந்தத் தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.