எடை சரி, இரும்புச்சத்து? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது. எடை வயதுக்கேற்ப இருக்கிறது. ஆனால் தாய்ப்பாலையும் பசும்பாலையும் தவிர எதை ஊட்டினாலும் துப்பிவிடுகிறான். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10 கிராம் என்று வந்தது. பல் முளைத்ததும் தானாகச் சாப்பிடுவான் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இது பிற்காலத்தில் அவன் படிப்பைப் பாதிக்குமா?

பதில்: எடையைக் கொண்டு மூளையின் நிலையை மதிப்பிட முடியாது. எடை கூட மாவும் கொழுப்பும் போதும். மூளைக்கோ இவற்றோடு இரும்பு, அயோடின், துத்தநாகம், வைட்டமின் பி12 ஆகியவையும் உரிய காலத்தில் கிடைத்தாக வேண்டும். பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழக் கால் பங்கே இருக்கும் குழந்தையின் மூளை, இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. உங்கள் மகன் அந்த வேகமான காலத்தின் நடுவில் இருக்கிறான்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, கருவிலிருக்கும் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து பெற்ற இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கையிருப்பு ஆறாம் மாத வாக்கில் தீர்ந்துவிடும். மற்ற எல்லா வகையிலும் ஈடற்றதான தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, பசும்பாலிலும் அப்படியே. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணை உணவைத் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். பல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மசித்த உணவை ஈறுகளாலேயே குழந்தை சமாளித்துவிடும்.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இரும்பு போதாதபோது, கிடைப்பதை உடல் முதலில் சிவப்பணுக்களுக்கே ஒதுக்குகிறது. ஆகவே ஹீமோகுளோபின் குறைந்திருப்பது தெரியவரும் முன்பே மூளைக்கான இரும்பு குறையத் தொடங்கியிருக்கலாம். நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படிவதற்கும், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாவதற்கும், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வளர்வதற்கும் இரும்பு வேண்டும். கைக்குழந்தைப் பருவத்தில் நீடித்த இரும்புக் குறைபாடு இருந்தவர்களைக் கோஸ்டா ரிக்காவில் ஆய்வாளர் பெட்சி லோசாஃப் குழுவினர் 19 வயது வரை பின்தொடர்ந்தபோது, சிகிச்சை பெற்ற பின்னும் அவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தனர். அவை நீடித்த குறைபாடுகள்; உங்கள் மகனுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனவே அஞ்சவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

குழந்தை மருத்துவரிடம் காட்டி, இரும்புச் சொட்டுமருந்தை அவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் காலம் வரை கொடுங்கள். ஹீமோகுளோபின் ஏறியவுடன் நிறுத்திவிட்டால் கையிருப்பு நிரம்பாது. நீங்களாகவே அளவைக் கூட்டினால் அது நஞ்சாகும். புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பசும்பாலை நிறுத்திவிட்டு, நன்கு வேகவைத்து மசித்த இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றோடு வைட்டமின் சி மிகுந்த பழத்தையும் தாருங்கள். இரும்பு உட்கிரகிக்கப்பட அது துணை செய்யும். தாய்ப்பால் தொடரட்டும்.

துப்புவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதிய சுவை ஒன்றை ஏற்கப் பத்து முறைகூடத் தேவைப்படலாம். கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத கெட்டியில் உணவு இருக்கட்டும். கரண்டியைக் கீழுதட்டில் மெல்லத் தொட்டு, அவனே வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: நினைவாற்றலை வளர்க்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் டி.எச்.ஏ. சேர்த்த பானத்தை மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: தேவையில்லை. டி.எச்.ஏ. மூளையின் கட்டமைப்பில் உள்ள கொழுப்பு அமிலம் என்பது உண்மைதான். ஆனால் நிறைமாதக் குழந்தைகளின் பால்பொடியில் அதைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அறிவுத்திறன் சீராக உயர்ந்ததாகத் தெரியவில்லை. இத்தகைய பானங்கள் பலவற்றில் சர்க்கரையும் மிகுதி. மூளைக்காக ஒரு பொருளை வாங்கியே தீர வேண்டுமென்றால், அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள் என்பேன். தடுக்கக்கூடிய அறிவுத்திறன் குறைபாடுகளுக்கு உலகெங்கும் முதன்மையான காரணமாக இருந்துவருவது அயோடின் பற்றாக்குறையே. அதிலும் கர்ப்பிணிக்குத்தான் அது மிக அவசியம். ஏனெனில் கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

கேள்வி: எங்கள் மகளை இரண்டு வயதில் தத்தெடுத்தோம். அப்போது மிகவும் மெலிந்திருந்தாள். இப்போது நான்கு வயது. முதல் ஆயிரம் நாட்கள் போனால் போனதுதான் என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்வது மிகை. கருத்தரித்தது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான அந்தக் காலம் மிக முக்கியமானதே தவிர, அதன் பிறகு கதவு அடைபட்டுவிடுவதில்லை. கொரியாவிலிருந்து மூன்று வயதுக்குள் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பெண்குழந்தைகளைப் பற்றி 1975-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் கடுமையான ஊட்டக்குறைவு இருந்தவர்களின் சராசரி நுண்ணறிவு எண் 102, இயல்பான அளவுதான். நன்கு ஊட்டம் பெற்றிருந்தவர்களின் சராசரி 112 என்பதையும் சொல்லியாக வேண்டும். இழப்பு இருந்தது, ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை.

உணவோடு நின்றுவிடவும் வேண்டாம். வயதுக்கேற்ற உயரமில்லாத ஜமைக்காக் குழந்தைகளுக்குச் சிலருக்கு ஊட்ட உணவும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கு வந்து தாயுடன் சேர்ந்து விளையாட்டுக் கற்பிக்கும் பணியாளரின் உதவியும், சிலருக்கு இரண்டும் இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. இரண்டும் பெற்றவர்களே அப்போது மிகுதியாக முன்னேறினர். ஆனால் 22 வயதில் பார்த்தபோது, நிலைத்திருந்தது விளையாட்டால் வந்த பயன்தான். விளையாட்டுத் தரப்பட்டவர்கள், அது கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தனர். ஆகவே அவளோடு பேசுங்கள், படம் பார்த்துக் கதை சொல்லுங்கள், பசியோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள். இரத்தச் சோகை, செவித்திறன், பார்வை ஆகிய மூன்றையும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.