நோர்வேப் புளூபெர்ரி யாழ்ப்பாணத்தில் வளருமா?

நோர்வேக் காட்டுப் புளூபெர்ரியை ஊரில் நடலாமா, அந்தக் காட்டு மண்ணையும் கொஞ்சம் அள்ளிவந்தால் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே போய்வந்த ஆசையில் கேட்கிறீர்கள் போல. மண்ணை மறந்துவிடுங்கள், விமான நிலையம் தாண்டாது. செடி பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன்.

2018 ஆவணிக் கடைசியில் ஒஸ்லோவில் அக்கா வீட்டில் நின்றபோது அத்தான் நூர்மார்கா காட்டுக்குக் கூட்டிப்போனார். மேலே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், அடியில் முழங்காலுக்கும் எட்டாத புளூபெர்ரி, அதற்கும் கீழே கால் புதையும் பாசி. பாறை மேடுகளில் மட்டும் பைன் மரமும், பாறையில் படர்கிற சாம்பல் நிற லைக்கனும். பழம் தின்றால் நாவற்பழம் தின்றதுபோல நாக்கு நீலமாகிறது. கடையில் விற்கும் அமெரிக்கப் புளூபெர்ரி வேறு இனம், அதன் உள்சதை வெளிறியது.

நான் தோட்டக்காரன் மகன், மண்ணைக் கிண்டாமல் வரமுடியுமா? ஒரு தடியால் தோண்டினேன். முதலில் உக்காத ஊசியிலை மெத்தை. அதன் கீழே அடுப்புச் சாம்பல் போல வெளிறிய மண். அதற்கும் கீழே நம் கோப்பாய்ச் செம்மண்ணின் தம்பி போல துரு நிறம்! இப்படி அடுக்கடுக்கான மண்ணைப் பொட்சோல் என்பார்கள், ரஷ்ய மொழியில் அடிச்சாம்பல் என்ற மாதிரிப் பொருள். குளிரில் இலை மெல்லத்தான் உக்கும். அதில் ஊறும் அமிலம் மேல்மண்ணின் இரும்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். அந்தப் புளித்த, சத்துக் குறைந்த மெத்தையிலிருந்து புளூபெர்ரிக்கு நைதரசன் எடுத்துக் கொடுப்பது அதன் வேரில் வாழும் ஒரு பங்கசு.

சிவப்பைக் கண்டு ஏமாந்தேன். ஊருக்கு வந்ததும் இணையத்தில் ஒருவரிடம் இரண்டு புளூபெர்ரிக் கன்று வாங்கி, செம்மண்ணில் ஆட்டெரு போட்டு நட்டு, கிணற்றுத் தண்ணீர் விட்டேன். ஒரு மாதத்தில் இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புக் குறைபாடு! இரும்பால் சிவந்த மண்ணில் நின்றுகொண்டு இரும்பில்லாமல் செத்தது. எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அந்தக் காரத்தில் இரும்பு கரையாது, வேருக்கும் கிடைக்காது. புளூபெர்ரி கேட்பதோ பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4, 5 அளவில் புளித்த மண். விற்றவரிடம் கேட்டேன், என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்.

சூடு தாங்கும் அமெரிக்க ரகங்கள் இருக்கின்றனவே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். தெரியும். மழைத்தண்ணீர் சேர்த்து, புளித்த கலவையில், தொட்டியில் வைத்தால் முயலலாம். ஆனால் நீங்கள் கேட்டது நோர்வேக் காட்டுச் செடி. அதற்குப் பனிக்காலத் தூக்கமும் வேண்டும், இங்கே மார்கழியிலும் மின்விசிறி சுழல்கிறது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் மரவள்ளியும் வெங்காயமும் விளைந்த செம்மண் தோட்டங்களைத் துண்டு போட்டு வீட்டுக்காணியாக விற்கிறார்கள். வாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு. பிறகு அதே ஆட்கள் விடுமுறைக்கு வந்து ஊர்க் கத்தரிக்காய் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கள் அக்காவும் இதில் சேர்த்தி, அவர் வாசித்தாலும் பரவாயில்லை.

புளூபெர்ரி செத்த குழியில் அம்மா ஒரு முருங்கைத் தடியை ஊன்றினார். இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது.