போதகர் வாத்தியாராகவும் இருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

என் தம்பி மகன் குருப்பட்டம் பெற்ற பின்னும் மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகத் தொடர்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர் திங்கட்கிழமை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவானவராக இருக்க முடியுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1798இல் தஞ்சையில் மறையும்வரை போதகராகவே வாழ்ந்தவர். 1780களில் தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமைந்தபோது, பிள்ளைகளை வஞ்சகமாக மதம் மாற்றும் வழி எதுவும் அங்கே கையாளப்படாது என்று உறுதியளித்தார். அவருடைய பாதுகாப்பில் இருந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்து, அவருக்குப் பளிங்கில் நினைவுச் சின்னமும் எழுப்பினார்.

அந்தப் பள்ளிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணம் வந்தது என்பதையும், அவை முதலில் மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகளையே நாடின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கரையோரத்து எளியவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது நாளடைவில்தான். ராமேசுவரத்துப் படகுக்காரர் மகனான அப்துல் கலாம் அங்கே படித்ததையும், அய்யாதுரை சாலமன் என்ற தம் ஆசிரியரைப் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்ததையும் நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை.

எனக்கு வாய்த்த ஆசிரியர் ஒருவரும் போதகரே. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து விடுபட்டால், மாலையில் பேருந்து பிடித்துப் பாம்பனுக்கோ தங்கச்சிமடத்துக்கோ போய்விடுவார். தகப்பனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கும். பையன் ஐஸ் கம்பெனியில் கூலிக்கு நின்றிருப்பான். திண்ணையில் உட்கார்ந்து விட்டுப்போன பாடத்தையும் கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணத்தையும் பற்றித்தான் பேசுவார். வீட்டார் கேட்டாலொழிய ஜெபிக்க மாட்டார். அந்த வீடுகளில் பாதி முஸ்லிம் வீடுகள்.

உங்கள் தம்பி மகன் கவனிக்க வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். மதிப்பெண் போடுகிறவரே ஜெபிக்கவும் அழைத்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் மறுக்க முடியாது. ஆகவே வகுப்பறையில் அவர் கணக்கு மட்டுமே நடத்த வேண்டும். போதகருக்குரிய பரிவையெல்லாம் பள்ளி விட்ட பிறகு, நம் கரையிலிருந்து பிழைக்கப்போய் மதுரையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பெற்றோரின் வாசலில் காட்டட்டும். உறவினர்களின் சந்தேகத்துக்கு அந்தப் பெற்றோரே சரியான பதில் சொல்வார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும்போது நீங்களும் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.