ஆம்னிக்கு ரோலரில் பெயின்ட்: பாம்பன் உப்புக் காற்றுக்கு நிற்குமா?

கேள்வி: 2005 மாடல் மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன், வெள்ளை நிறம். வீடு பாம்பனில், கடலுக்குக் கூப்பிடு தூரம். வண்டியைத் தொட்டால் பெயின்ட் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது. சக்கர வளைவிலும் கதவுகளின் அடியிலும் துரு. ராமநாதபுரத்தில் முழு பெயின்டுக்குக் கேட்கிற தொகை கிட்டத்தட்ட வண்டி விலையில் பாதி. ரோலர் வாங்கி நானே வீட்டில் அடிக்கலாமா? அப்படியே நீலத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: தாராளமாக அடிக்கலாம். வெள்ளை போன்ற சாதா நிறத்துக்கு ரோலர் போதும். பொறுமையாகச் செய்தால் நாலடி தள்ளி நிற்பவருக்கு ஸ்ப்ரே இல்லை என்பது தெரியாது. மெட்டாலிக் நிறம் மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் அலுமினியத் துகள் ரோலர் போன போக்கில் படுத்து, வரிவரியாகத் திட்டுத் தட்டும்.

பாம்பனில் புது பெயின்ட் உரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடியில் மாட்டிய உப்பை. உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்ட் படலத்தின் வழியே ஈரம் மெல்ல உள்ளே போய் உப்போடு சேர்ந்ததும் கொப்புளம் கட்டும், கொப்புளத்துக்குள் துரு ஓடும். எவ்வளவு விலையுள்ள பெயின்டுக்கும் இதே கதிதான். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலை, அதிலும் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். உங்கள் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் முதல் கழுவலோடு அதை நிறுத்திவிடுங்கள். கடைசிக் கழுவலுக்கும் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்ப்புக்கும் காவிரிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோதான். ஐந்தாறு குடம் செலவாகும்.

ஷாம்பு போட்டுக் கழுவிக் காய்ந்த பிறகு, டர்பென்டைன் நனைத்த துணியால் துடைத்து, உடனே வேறு உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காமல் தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் பட்ட இடமும் அப்படித்தான். வண்டியில் மீன் பெட்டி ஏற்றியிருந்தால் பின்கதவின் உட்பக்கத்தையும் தரையையும் கூடுதலாகக் கவனியுங்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தேங்குவது அங்கேதான்.

அடுத்து துரு. ஆம்னியில் பார்க்க வேண்டியவை சக்கர வளைவு, நகரும் கதவின் கீழ்த் தண்டவாளம், படிக்கட்டு, கூரை ஓரத்து மழைக்கால்வாய், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் டிங்கரிங் பட்டறையில் தகடு வெட்டிப் பற்றவைத்தே ஆக வேண்டும். ஓட்டையைப் பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) அடைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஓட்டை விழாத இடங்களை ஒயர் பிரஷ், பிறகு 80, 120 நம்பர் எமரி என்று வெள்ளி நிறம் வரும்வரை தேயுங்கள். நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவித் துடைத்தால் தகடு பளபளப்பாக இருக்கும், ஆனால் அதை நம்பக் கூடாது. ஒரு சின்ன இடத்தில் நல்ல தண்ணீரைத் தெளித்து, பாலிதீன் ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பிரிக்கும்போது தகடு முழுக்க லேசாக மஞ்சள் பூத்திருந்தால் பரவாயில்லை. குண்டூசித் தலை அளவுக்குக் கரும்பழுப்புப் புள்ளிகள் குழிகளில் மட்டும் எட்டிப் பார்த்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி ஒயர் பிரஷ், மறுபடி கழுவல். புள்ளி நின்ற பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரை டப்பாவில் சொன்னபடி பூசிக் காயவிட்டு, தாமதிக்காமல் எபாக்ஸி பிரைமரை (பெயின்டுக்கு அடியில் பூசும் பூச்சு) அடித்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவுதான், கடலோரத்துக்குப் போதாது. பட்டி வைப்பதானால் இந்தப் பிரைமருக்கு மேல் வைத்து, தேய்த்து, அதன்மேல் இன்னொரு பிரைமர் கொடுங்கள். திறந்திருக்கும் பட்டி ஈரத்தைக் குடிக்கும்.

துரு இல்லாத பழைய பெயின்டைத் தகடுவரை சுரண்ட வேண்டியதில்லை. 320 வாட்டர் பேப்பரால் சுண்ணாம்புப் பூச்சு போகும்வரை தேய்த்து, 400ல் முடித்தால் போதும்.

வாங்க வேண்டியவை: சிந்தெடிக் எனாமல் பெயின்ட் 4 லிட்டர் டப்பா, மினரல் டர்பென்டைன் 2 லிட்டர், எபாக்ஸி பிரைமர் 1 லிட்டர் செட், 4 அங்குல ஸ்பான்ஜ் ரோலர் ஆறு, மாஸ்கிங் டேப், வாட்டர் பேப்பர். தோராயமாக 6,000 ரூபாய்க்குள் அடங்கும், கடைக்குக் கடை மாறும். சுவருக்கு அடிக்கும் ரோம ரோலரை வாங்காதீர்கள், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழும். டர்பென்டைனுக்குப் பதிலாக என்.சி. தின்னரும் (லாக்கர் பெயின்டில் கலப்பது) கூடாது. அது நொடியில் பறந்துவிடும், எனாமல் தானாகப் பரவிச் சமமாவதற்கு நேரம் இருக்காது. எனாமல் மெதுவாகக் காய்வதுதான் நமக்கு லாபம்.

காலம் மாசி, பங்குனி. கச்சான் காற்று வீசும் ஆடியில் மணல் வந்து ஒட்டும், ஐப்பசி கார்த்திகையில் மழை விடாது. நேரம் காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை. அதற்கு முன் தகட்டில் பனி ஈரம், அதற்குப் பின் கடற்காற்றும் வெயிலும். தகட்டில் கை வைக்க முடியாத சூடு இருந்தால் அடிக்காதீர்கள். மாலையில் அடித்தால் இரவுப் பனி இறங்கி மினுமினுப்பு மங்கிவிடும்.

1 லிட்டர் எனாமலுக்கு 200 முதல் 250 மில்லி டர்பென்டைன் கலந்து, பழைய பனியன் துணியில் வடிகட்டுங்கள். முதலில் பின்கதவின் உட்பக்கத்தில் அடித்துப் பாருங்கள். குமிழி அரை நிமிடத்தில் உடைந்துவிட்டால் பதம் சரி. உடையாமல் நின்றால் கெட்டி, 50 மில்லி கூட்டுங்கள். கீழே வழிந்தால் தண்ணி, பெயின்ட் சேருங்கள்.

கண்ணாடி ரப்பருக்கு டேப் ஒட்டுவதைவிட, மெல்லிய நைலான் வலைக் கயிறை ரப்பர் உதட்டுக்கடியில் சொருகினால் உதடு தூக்கிக்கொள்ளும், பெயின்ட் உள்ளே இறங்கும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, கூரையில் தொடங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கடைசியாக ரோலரின் சொந்த எடை மட்டும் படும்படி ஒரே திசையில் இழுத்துவிட்டு நகருங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு தூசி தெரிகிறதே என்று மறுபடி கை வைத்தால் அந்த இடம் கெட்டது. விட்டுவிடுங்கள், அடுத்த தேய்ப்பில் போய்விடும்.

முதல் கோட்டில் (பூச்சில்) அடி நிறம் தெரியும், பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தெரியத்தான் வேண்டும். ஒரே கோட்டில் மூட நினைத்துக் கெட்டியாக அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, அடுத்த கோட்டில் தோல் சுருங்கும். ஒரு நாளைக்கு ஒரு கோட், மொத்தம் ஆறு. இரண்டு கோட்டுக்கு ஒரு முறை இரண்டு நாள் காயவிட்டு 600 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். இதையெல்லாம்விடப் பலரும் மறப்பது ஒன்று: ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டியின் மேல் காலையில் உப்பு படிந்திருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கு முன்னும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்திவிட்டுத்தான் ரோலரைத் தொட வேண்டும்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு நான்கு வாரம் பாலிஷ் பக்கம் போகாதீர்கள். பிறகு 1000, 1500, 2000 என்று தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். விளிம்புகளில் கவனம், அங்கே படலம் சீக்கிரம் அறுந்துவிடும். கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைப் பெயின்ட் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

நீலம் பற்றி: ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது. மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சைக்குச் சட்டப்படி அனுமதியே இல்லை. தவிர, நீலத்துக்கு மாறினால் கதவு இடுக்கு, தூண், உட்பக்கம் எல்லாவற்றிலும் பழைய வெள்ளை பல்லிளிக்கும், அவற்றையும் அடிக்க வேண்டிவரும். ரோலர் தடத்தையும் அடர்நிறம் காட்டிக்கொடுக்கும். வெள்ளையையே அடியுங்கள்.